பீச்சாங்கைப் பக்கம் இழுத்த வண்டி

படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறினால், ஒரகடம் போய்ச் சேர்வதற்குள் யாராவது ஒருவருடைய முழங்கை நம் விலாவில் குடியேறிவிடும். அதனால் நான் எப்போதும் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். வயதைக் காரணம் சொன்னால் இடம் விட்டுவிடுவார்கள். உண்மையான காரணம் வயது இல்லை. வண்டியில் முன்னால் உட்கார்ந்தே பழகிப்போன உடம்பு இது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். வண்டி கிளம்பியதிலிருந்து காலடியில் ஒரு சத்தம். பள்ளத்தில் இறங்கினால் டொக். ஏறினால் டொக். அந்தச் சத்தத்தை எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். வாய் நிற்கவில்லை.

"தம்பி, முன்னாடி புஷ்ஷு போயிடுச்சி. நீ பாட்டுக்கு ஓட்டிக்கினு கீற. ஒரு நாளைக்கி சக்கரம் ஒரு பக்கம் போவும், நீ ஒரு பக்கம் போவே."

பின்னால் கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டியிருந்த பையன்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. டிரைவர் ஓரம் கட்டினான். இறங்கிக் குனிந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, ஒரு முழுத் தேங்காயை வெளியே எடுத்தான்.

"இதான் பாட்டிம்மா உன் புஷ்ஷு. கோயிலுக்கு வாங்கினேன். மாத்தணுமா, சட்னி அரைக்கலாமா?"

வண்டியே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அந்த நேரத்தில் சிரிக்காமல் இருந்தால்தான் மானம் போகும்.

அவன் குனிந்து துழாவியதில் கையில் எங்கோ கிரீஸ் ஒட்டிக்கொண்டது. ஒரு பழைய துணியில் துடைத்து, அந்தத் துணியை எனக்கும் அவனுக்கும் நடுவில் சொருகி வைத்தான். அவ்வளவுதான். அதற்கப்புறம் ரோடு, மேம்பாலம், கம்பெனிச் சுவர் எதையும் நான் பார்க்கவில்லை. மூக்குதான் வேலை செய்தது.

மற்றவர்களுக்குக் கிரீஸ் என்றால் அழுக்கு. எனக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. புரட்டாசியா ஐப்பசியா என்று கேட்டால் தெரியாது. மழை வருகிற மாதிரி இருந்து வராமலே போன ஒரு நாள்.

எங்களிடம் ஒரு பழைய வேன் இருந்தது. எங்களிடம் வருவதற்கு முன்னால் அது ஒரு பேக்கரிக்கு ரொட்டி ஏற்றிக்கொண்டிருந்தது. மழை நாளில் தகரம் நனைந்தால் உள்ளே லேசாக ரொட்டி வாசனை கிளம்பும். காலையில் சாப்பிடாமல் ஓடிவந்து ஏறும் பெண்களுக்கு அது பெரிய இம்சை. ஜன்னல் வெட்டி, பின்னால் இரண்டு பக்கமும் நீளமாகப் பெஞ்சு அடித்து, அதை ஆள் ஏற்றும் வண்டியாக மாற்றியது என் வீட்டுக்காரர்தான். கலியாணத்துக்கு முன்னால் அவர் ஒரு லாரி ஷெட்டில் கிளீனராக இருந்தவர். எந்த வண்டியையும் பிரித்துவிடுவார். திரும்பப் பூட்டும்போது ஒன்றிரண்டு சாமான் மிஞ்சும். கேட்டால், "அது கம்பெனிக்காரன் அழகுக்குப் போட்டது" என்பார்.

ஒரகடம் பக்கம் அப்போதுதான் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்து மட்டம் தட்டியிருந்தார்கள். நடுவில் அகலமான சிமெண்டு ரோடு. ஓரத்தில் விளக்குக் கம்பம். கம்பத்தில் விளக்கு இல்லை, ரோட்டில் வண்டி இல்லை. மாடுகள்தான் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நடு ரோட்டில் போகும். வேலை இருந்தது இருங்காட்டுக்கோட்டைப் பக்கம். காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனி ஒன்று அங்கே பெண்களை எடுத்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் போவதற்கு எங்கள் வேனை விட்டால் வேறு வழி கிடையாது. வண்டியில் ஒரு பொம்பளை துணைக்கு வந்தால்தான் அனுப்புவோம் என்று பெற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பொம்பளை நான். காலையில் பெண்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெறும் வண்டியில் திரும்புவோம். சாயங்காலம் வெறும் வண்டியில் போய் அழைத்துவருவோம். ஊரில் என்னை டைவர் பொண்டாட்டி என்பார்கள். டைவரையே நான்தான் ஓட்டுகிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

அந்தப் பெண்களில் மல்லிகா என்று ஒருத்தி. ஒயர்களைச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றுவது அவள் வேலை. பூக் கட்டுகிற வேகத்தில் சுற்றுவாளாம். விரல் நுனியில் எப்போதும் டேப் பசை பிசுபிசுக்கும். தலையில் பூ வைத்துக்கொண்டு கையை எடுத்தால் பூவும் கையோடு வந்துவிடும். "மத்த பொண்ணுங்களுக்கு நீயே சொல்லிக் குடு" என்று லைன் சூப்பர்வைசர் சொன்னதை ஒரு வாரம் வண்டியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். முதல் தடவை சொல்வதுபோலவே நாங்களும் கேட்டுக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில்தான் வண்டியின் முன்பக்கம் ஆட ஆரம்பித்தது. முதலில் ஸ்டீரிங்கில் ஒரு நடுக்கம். பிறகு கண்ணாடி, கதவு, என் பல் எல்லாம் நடுங்கின. ஒரு நாள் சாயங்காலம் ஒரு வளைவில் முன்சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போய், வண்டி ரோட்டை விட்டு இறங்கி வேலிக்காத்தான் புதரில் நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆளுக்குக் கொஞ்சம் முள். ஆனால் பெண்கள் போட்ட கூச்சல், வண்டி ஊருக்கு வருவதற்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது.

மல்லிகாவின் அப்பா ஏழுமலை தெருமுனையிலேயே நின்றுகொண்டிருந்தார். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக வந்து முன்சக்கரத்தின் தலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"இன்னா அண்ணே இது? விழப்போற பல்லு மாதிரி ஆடுது."

"புஷ்ஷு தேஞ்சிகீதுப்பா. மாத்திட்டா கல்லு மாதிரி நிக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

"மாத்து. திங்கக்கெழம வண்டி ஆடாம வந்தா எம்பொண்ணு ஏறுவா. ஆடுச்சின்னா அவ வூட்லயே இருக்கட்டும். மாப்ள பாத்துட்டுப் போறேன், இன்னா இப்போ."

அவரிடம் பேசினாலும் பார்வை என் மேல்தான் இருந்தது. துணைக்கு வருகிறவள் நான் அல்லவா?

மறுநாள் குழாயடியில் மல்லிகா என் குடத்தைப் பிடித்துக்கொண்டாள். கண் வீங்கியிருந்தது.

"பெரிம்மா, அப்பா ஒரு வாட்டி சொல்லிட்டா அவ்ளோதான். எப்டியாச்சும் பண்ணிடுங்க பெரிம்மா. நான் வேணா வந்து கூடமாட எடுத்துக் குடுக்கறேன்."

"நீ ஒண்ணும் வராத. திங்கக்கெழம பூ வெச்சிக்கினு தெருமுனைல வந்து நில்லு, போதும்" என்றேன். ஆக்ஸிலைப் பெற்று வளர்த்தவள் நான்தான் என்கிற மாதிரி சொன்னேன்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒர்க்‌ஷாப் இருந்தது. "உட்டுட்டுப் போங்க, அடுத்த வாரம் கை வெக்கறோம்" என்றார்கள். அடுத்த வாரம் என்பது மல்லிகாவுக்கு இல்லாத வாரம். வீட்டுக்காரர் தாம்பரம் போய்ச் சாமான் வாங்கிவந்தார். நாமே பிரித்துப் பூட்டுவது என்று முடிவாயிற்று. எங்கள் வாசலில் மண் பொசபொசவென்று இருக்கும், ஜாக்கி இறங்கிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டுபோய், தொழிற்பேட்டையின் காலி ரோட்டில், ஒரு விளக்கில்லாத கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். வீட்டில்கூட அவ்வளவு மட்டமான தரை எங்களுக்கு வாய்த்ததில்லை.

முன் ஆக்ஸில் என்பது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. வண்டியின் குறுக்கே கிடக்கும் ஒரு கனத்த இரும்பு. அதன் இரண்டு முனையிலும் செங்குத்தாக ஒரு தடித்த ஆணி நிற்கும். அதுதான் கிங் பின். கதவுக்குக் கீல் மாதிரி, அதை வைத்துத்தான் சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பும். அந்த ஆணியைச் சுற்றி இருக்கும் பித்தளை வளையம் புஷ். அது தேய்ந்தால் கீல் தளர்ந்த கதவு மாதிரி சக்கரம் ஆடும். பழைய ஆணியை வெளியே தள்ள நான் ஒரு இரும்புத் தடியை அதன் தலையில் நிறுத்திப் பிடிக்க வேண்டும். அவர் சம்மட்டியால் அடிப்பார். குறி தவறினால் என் கை. கலியாணத்தன்று கையைக் கொடுத்தபோது எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்ததில்லை.

பேரிங்கில் கிரீஸ் அடைப்பது என் வேலை. உள்ளங்கையில் கிரீஸை வைத்துக்கொண்டு, பேரிங்கின் வாயை அதில் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு மசாலா அடைப்பவளுக்கு இது தானாக வரும். அவர் அடைத்தால் வெளியே வழிந்து நிற்கும். உள்ளே வெறுமையாக இருக்கும். இதை அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். நான் கேட்ட பிறகு.

கழற்றிய சாமானை இரண்டு பக்கமும் கலக்காமல் வைக்க வேண்டும். எந்த பேரிங் எந்தப் பக்கம் ஓடியதோ அங்கேயே போக வேண்டும். வளையல்போல் மெல்லிய வாஷர்கள் உண்டு. ஒரு பக்கம் கொஞ்சம் தடிமன், ஒரு பக்கம் மெல்லிசு. அதுவும் மாறக்கூடாது. அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு கேட்பார்.

"இது எந்தப் பக்கத்துது?"

"பீச்சாங்கைப் பக்கம்."

"யார் பீச்சாங்கை? உன்னுதா என்னுதா? நான் படுத்துக்கினு கீறேன்மே!"

எழுதி வைக்கலாம்தான். கையெழுத்துப் போடுவதைத் தவிர மற்ற எழுத்தெல்லாம் எனக்கு அப்போது தேர் நகர்கிற மாதிரி. அதனால் ஒரு வழி செய்தேன். பழைய புடவையை ரோட்டில் விரித்தேன். மஞ்சளும் குங்குமமும் வண்டியிலேயே சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தன. அவர் உட்காரும் பக்கத்துச் சாமானுக்கெல்லாம் மஞ்சள். நான் உட்காரும் பக்கத்துச் சாமானுக்கெல்லாம் குங்குமம். சோத்தாங்கைக்கு மஞ்சள், பீச்சாங்கைக்குக் குங்குமம். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, வரிசையாக அடுக்கினேன். அவரே எட்டிப் பார்த்து, "பரவால்லமே" என்றார். அவர் வாயில் அது பெரிய பட்டம்.

பிறகு அவர் புது புஷ்ஷை ஆணிக்குச் சரியாக உள்ளே கடைந்துகொண்டுவர, வேனில் போட்டுக் கொண்டுவந்திருந்த சைக்கிளில் ஒரகடம் பட்டறைக்குப் போனார். நான் குடிக்கத் தண்ணீர் எடுக்கக் கல்வெர்ட் பக்கம் இருந்த போர் பம்புக்குப் போனேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். ஒருத்தியோடு கொஞ்சம் பேசிவிட்டும் வந்தேன்.

திரும்பி வந்தால் புடவையைச் சுற்றி ஆடுகள். நடுவில் குப்பம்மா அக்கா கை கூப்பி நிற்கிறாள். புடவையின் தலைமாட்டில் சூடம் எரிகிறது. அதற்கு ஒரு முழம் தள்ளி மண்ணெண்ணெய்த் தட்டு.

"யக்கா! மண்ணெண்ணெய்!" என்று கத்திக்கொண்டு ஓடிச் சூடத்தை மிதித்தேன். கால் சுட்டது. அவள் என்னை அடிக்காத குறை.

"எரியற சூடத்த மெறிக்கிறியே, நீ பொம்பளயா?"

குப்பம்மா ஏழுமலைக்கு அக்கா. புருஷனை இழந்தவள். ஆடு மேய்ப்பாள். அந்த இடமெல்லாம் முன்பு அவர்கள் குடும்பத்து நிலம். வரப்பில் ஒரு வேப்பமரமும் அதன் அடியில் கன்னிமார் கற்களும் இருந்தன. மட்டம் தட்டிய மெஷின் மரத்தையும் கற்களையும் எந்த மண்ணோடு எந்தப் பக்கம் தள்ளியது என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா மட்டும் சுருக்குப்பையில் மஞ்சள் குங்குமத்தை வைத்துக்கொண்டு, ஆட்டை ஓட்டிக்கொண்டு, அந்தப் பொட்டலில் தேடிக்கொண்டே இருப்பாள். அன்று தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். துணி விரித்து, கறுப்பு கறுப்பாக, வரிசையாக, மஞ்சள் வைத்து. கன்னிமார் திரும்பி வந்துவிட்டார்கள் என்று ஓடிவந்திருக்கிறாள். கிட்டே வந்து பார்த்தால் இரும்பு.

அதோடு போயிருக்கலாம். போகவில்லை. நான் மஞ்சள் மட்டும் வைத்திருந்ததற்கெல்லாம் குங்குமம் வைத்துவிட்டாள். குங்குமம் மட்டும் இருந்ததற்கெல்லாம் மஞ்சள் பூசிவிட்டாள். எல்லாவற்றையும் ஒரே வட்டமாக, அழகாக அடுக்கியும் வைத்துவிட்டாள்.

"யக்கா, இன்னாக்கா பண்ணி வெச்சிகீற? எது எந்தப் பக்கம்னு அதுலதான அடையாளம் வெச்சிருந்தேன்!"

"அடையாளமா? மஞ்ச மட்டும் வெச்சி உட்டுட்டுப் போயிருந்தியேடி. அறுத்தவ மாதிரி இல்ல இருந்திச்சி எல்லாம், என்னாட்டம். எப்டிப் பாத்துக்கினு போவேன்?"

நான் மண்ணெண்ணெய்த் தட்டை எடுத்துத் தள்ளி வைத்தேன்.

வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்தும்போதே புடவையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அப்புறம் அக்காவை.

"இன்னாமே இது, கும்பாபிஷேகமா?"

நான் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் திங்கட்கிழமை. மல்லிகா பூ வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். அதை நினைத்துத்தான் எழுந்தார் என்று நினைக்கிறேன்.

நட்டுகள் தாமாகவே சொல்லிவிட்டன. என் பக்கத்துச் சக்கரத்துக்கு மரை திருப்பிப் போட்டிருப்பார்கள், மாற்றிப் போட்டால் ஏறாது. பேரிங்கை ஒவ்வொன்றாக உட்காரவைத்து, சுற்றிவிட்டு, காதை வைத்துக் கேட்டுக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததாகச் சொன்னார். வாஷர்தான் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. தடிமனானது யார் பக்கம் இருந்தது? "என் பக்கம்" என்றேன். "இல்லமே, என் பக்கம்" என்றார். நான் நினைத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுபோலத்தான் இருந்தது. உடனே அவர், "நீ சொன்னதுதானோ?" என்றார். இப்படியே மாறி மாறி விட்டுக்கொடுத்து, கலியாணமான நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

கடைசியில் அவர் இரண்டையும் இரண்டு கையில் மூடிக்கொண்டு அக்காவிடம் நீட்டினார். "நீதான கலைச்ச, நீயே எடு." அவள் ஒன்றைத் தொட்டாள். அது என் பக்கம் போயிற்று.

பொட்டைத் துடைத்துவிட்டுப் பூட்டலாம் என்று நான் துணியை எடுத்தேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். துடைக்கவில்லை. கிரீஸ் அதன் மேலேயே ஏறியது. தேய்ந்துபோன பழைய ஆணி இரண்டையும் பித்தளை வளையங்களையும் அவர் ஓரமாகப் போட்டிருந்தார். அக்கா அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வேணுமா, எடுத்துக்கக்கா" என்றார்.

"கல்லுதான் போயிடுச்சி. இரும்பாச்சும் நிக்கட்டும்" என்று சொல்லி, கம்பத்தடியில் குழி பறித்து நட ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை தெருமுனையில் மல்லிகா பூவோடு நின்றாள். பக்கத்தில் ஏழுமலை. சக்கரத்தைப் பிடித்து மேலே ஆட்டினார், கீழே ஆட்டினார். கல்லு மாதிரி நின்றது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவர் முகம் இளகவில்லை.

"ஓட்டிப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, முன்னால் என் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் நடுவில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டேன்.

வண்டி ஆடவில்லை. கண்ணாடி நடுங்கவில்லை. ஆனால் இழுத்தது. பீச்சாங்கைப் பக்கம், மெதுவாக, குழந்தை முந்தானையைப் பிடித்து இழுக்கிற மாதிரி. வீட்டுக்காரர் ஸ்டீரிங்கை சோத்தாங்கைப் பக்கம் பிடித்துப் பிடித்து ஓட்டினார். வாஷர்தான் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. என் உடம்பு தானாகச் சோத்தாங்கைப் பக்கம் சாய்ந்தது, நான் சாய்ந்தால் வண்டி நேராகிவிடும் என்பதுபோல.

"இன்னா அண்ணே, ஒரு பக்கமா இழுக்குதே?" என்றார் ஏழுமலை.

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். என்ன சொல்ல இருந்தாரோ, அதற்குள் அந்தக் கம்பம் வந்துவிட்டது. குப்பம்மா அக்கா ஆட்டோடு நின்றுகொண்டிருந்தாள். கம்பத்தடியில் எங்கள் பழைய இரும்புகள் மஞ்சளும் குங்குமமுமாக நிற்கின்றன. மேலே ஒரு வேப்பங்கொத்து.

"நிறுத்துண்ணே."

இறங்கிப் போனார். அக்காவும் தம்பியும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்கவில்லை. அவள் வண்டியைக் காட்டினாள், சக்கரத்தைக் காட்டினாள், என்னையும் காட்டினாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து அந்த இரும்பைத் தொட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் ஜன்னலுக்கு வந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"போய்ட்டு வாங்கண்ணே. டைம் ஆவுதில்ல."

"இழுக்குதுன்னியே?"

"இழுக்கட்டும். அவங்க பக்கந்தான இழுக்குது."

அக்காவோடு நடந்தே ஊருக்குத் திரும்பிவிட்டார். பின்னால் பெண்கள் போட்ட சத்தத்தில் தகரம் அதிர்ந்தது. மல்லிகா முன்னால் கையை நீட்டி என் தோளைப் பிடித்து அழுத்தினாள். அந்தப் பசை என் ரவிக்கையில் ஒட்டியது.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உங்களிடம் சொல்வதற்கு என்ன, உள்ளே ஒரு குறுகுறுப்பு. முழு ஞாயிற்றுக்கிழமை புழுக்கத்தில் சம்மட்டிக்குக் கையைக் கொடுத்தவள் நான். நகத்தில் கிரீஸ் போக எத்தனையோ நாள் ஆயிற்று. ஏழுமலை நம்பியது எங்கள் வேலையையா, அக்கா வைத்த பொட்டையா? சக்கரத்தை ஆட்டிப் பார்த்து அது நின்றபோது அவர் முகம் ஏன் இளகவில்லை? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்க எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

வண்டி அதற்கப்புறம் ஆடவே இல்லை. இழுத்துக்கொண்டே இருந்தது. பிரித்து வாஷரை மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன் என்று வீட்டுக்காரர் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சொல்வார். பெண்கள் விடமாட்டார்கள். "பிரிக்காதீங்க பெரிப்பா, சாமி உள்ள கீது" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஸ்பேனரை உள்ளே வைத்துவிடுவார்.

இதெல்லாம் ஷேர் ஆட்டோவில் மனசுக்குள் ஓடியது. நான் போய்க்கொண்டிருந்தது மல்லிகா வீட்டுக்குத்தான். ஒரகடத்தில் சொந்தமாக வீடு கட்டியிருக்கிறாள். மாப்பிள்ளையை அவளே பார்த்துக்கொண்டாள், லைனிலேயே. இப்போது அவளுக்குக் கீழே ஒரு லைன் முழுக்கப் பெண்கள். ஏ.சி. போட்ட கம்பெனி பஸ்ஸில் போகிறாள், திரை போட்ட ஜன்னல். தேங்காய்க் கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே வண்டி இழுத்த கதைக்கு வந்தோம்.

"பெரிம்மா, நெசமா உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் திடீரென்று.

"இன்னாடி?"

"நாங்க எல்லாருமே பீச்சாங்கைப் பக்கம்தான உக்காருவோம். காலைல போவசொல்ல வெயிலு சோத்தாங்கைப் பக்கம். சாயங்காலம் திரும்பி வரசொல்லவும் அதே பக்கம்தான் வெயிலு. தகரம் முதுவ சுடும். அந்த பெஞ்சுல டிபன் பையத்தான் வெப்போம். நாங்க இந்தப் பக்கம் ஒருத்தி மேல ஒருத்தி. போதாக்கொறைக்கு காலைல கன்னிமாரு வேற இந்தப் பக்கமே, கும்பிட எல்லாரும் ஜன்னல்ல தொங்குவோம். அத்தினி பேரும் ஒரே பக்கம் குந்திகினா வண்டி இன்னா பண்ணும்?"

"இத்தினி வருஷமா சொல்லலியேடி?"

"நீங்க திரும்பிப் பாத்தாதான பெரிம்மா? முன்னாடியே பாத்துக்கினு கெத்தா உக்காந்திருப்பீங்க."

காபி ஆறிப்போனது. அப்படியென்றால் வாஷர் சரியாகத்தான் இருந்ததா? அக்கா தொட்டு எடுத்தது சரியான பக்கம்தானா? அல்லது வாஷரும் தப்பு, பெண்களும் ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து இழுத்ததா? ரோடே அந்தப் பக்கம் சாய்வாகப் போட்டிருந்தார்களோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

போய்ப் பார்க்கலாம் என்றால் அந்த ரோடு இல்லை. அகலப்படுத்தி, நடுவில் சுவர் வைத்து, மேலே பாலம் போட்டுவிட்டார்கள். கம்பத்தைப் பிடுங்கியபோது அந்த இரும்புகளை யார் எடுத்தார்களோ. அந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய மதில். உள்ளே லாரிக்கு ஆக்ஸில் செய்கிறார்களாம், மல்லிகா சொன்னாள். குப்பம்மா அக்கா போய்விட்டாள். ஏழுமலையும் போய்விட்டார். வண்டியைப் பழைய இரும்புக்கு எடுத்தவன் காஸ் வைத்து ஆக்ஸிலை நடுவில் அறுத்தான். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். கிரீஸுக்கு அடியில் சிவப்பாக ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. துருவாகவும் இருக்கலாம். வீட்டுக்காரரும் இல்லை.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் எனக்கு ஒன்று தோன்றியது. வெறும் வண்டி. பெண்களை இறக்கிவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் திரும்பி வருவோமே, அப்போது வண்டி இழுத்ததா? இழுத்திருந்தால் வாஷர். இழுக்காவிட்டால் பெண்கள். அவ்வளவு சுலபம். கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தேன்.

அந்தக் காலி ரோடு வந்தது. ரொட்டி வாசனை வந்தது. அவர் கதை சொல்லிக்கொண்டு ஓட்டுகிறார். கதை சூடுபிடித்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு ஆட்டி ஆட்டிச் சொல்வார். "யோவ், கைய வைய்யா!" என்று நான் கத்துவேன். அவர் சிரித்துக்கொண்டே திரும்பக் கையை வைப்பார். தினமும் இதே கதைதான்.

அவர் கையை எடுத்த அந்தக் கொஞ்ச நேரத்தில் வண்டி எந்தப் பக்கம் போனது? நான் ரோட்டைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.